காற்றில்லாத நாளின் அலைகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு மேற்குப் புறநகரான ஏவன்டேலுக்கென்று ஒரு கடல் உண்டு. ஊரின் மேற்கு எல்லையில் கிடக்கும் ஃபாவ் ஆறு பெயருக்குத்தான் ஆறு. உண்மையில் அது வைடெமடா துறைமுகக் கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் ஓடை. ஏற்றத்தில் நிரம்பும், வற்றத்தில் சேறும் அலையாத்திச் செடிகளும் தெரியக் கிடக்கும். 1882 வரை ஊரின் பெயரும் ஃபாவ்தான். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் இந்த ஓடையின் தலைப்பு வரை தோணியில் வந்து, குறுகிய நிலப்பட்டையின் குறுக்கே தோணிகளை இழுத்துக்கொண்டுபோய், தெற்கே மனுகாவ் துறைமுகத்தில் இறக்கினார்கள். இந்த நீரில் அலை என்று சொல்லத்தக்க எதையும் பார்க்க முடியாது. படகு போனால் கொஞ்சம் சலனம், பலத்த காற்றடித்தால் சிறு நெளிவு, அவ்வளவுதான்.

அங்கிருந்து வைடாகெரே மலைக்காட்டைக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே போனால் பீஹா. கரிய மணல், கடலோரத்தில் சிங்கப்பாறை, அதன் இருபுறமும் ஓயாத இரைச்சல். மரத்தில் ஓர் இலைகூட அசையாத காலையிலும் அங்கே ஆளுயர அலைகள் வரிசையாக எழுந்து உடைகின்றன. காற்றுதான் அலையை எழுப்புகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றே இல்லாத நாளில் இவ்வளவு அலை எங்கிருந்து வருகிறது? அப்படியே வருவதானால், முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஏவன்டேலின் நீர் மட்டும் ஏன் அசையாமல் கிடக்கிறது?

அலைச்சறுக்கின் முதல் பாடத்துக்காக ஆக்லாந்துவாசிகள் போகும் இடங்களில் பீஹாவும் அதற்கு வடக்கே உள்ள முரிவையும் முக்கியமானவை. பாடத்தில் பயிற்சியாளர் சொல்பவை பெரும்பாலும் கட்டளைகளாகவே இருக்கும். இடுப்பளவு நீரைத் தாண்டாதே. இந்த அலை வேண்டாம், அடுத்தது. பலகையில் இன்னும் கொஞ்சம் பின்னால் படு. காலைப் பார்க்காதே. அதோ, அமைதியாக இருக்கிறதே அந்தப் பக்கம், அங்கே போகவே போகாதே. கேட்கும்போது தனித்தனி விதிகளாகத் தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே இயற்பியலிலிருந்து பிறந்தவை. அதைத் தெரிந்துகொண்டு கடலில் இறங்குகிறவருக்குப் பயம் குறையும், கடல்மேல் மரியாதை கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காற்றிலிருந்தே தொடங்குவோம். நீர்ப்பரப்பில் காற்று உரசும்போது முதலில் சிற்றலைகள் தோன்றுகின்றன. அந்த மேடுபள்ளங்களில் காற்றுக்குப் பிடி கிடைக்கிறது, அலைகள் வளர்கின்றன. எவ்வளவு வளரும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது ஓடக்கூடிய கடற்பரப்பின் நீளம். ஏவன்டேலுக்கு மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. வைடெமடாவுக்கு வெளியே ஹவுராக்கி வளைகுடா. அதைச் சுற்றித் தீவுகள். கிழக்கே கோரமண்டல் தீபகற்பம் ஒரு மதிலாக நிற்கிறது. (1820இல் அங்கே வந்த ஒரு கப்பலின் பெயர் அந்த நிலத்துக்கு வந்தது, கப்பலுக்குப் பெயர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது.) மேற்குக் கரைக்கோ அப்படி எந்த மதிலும் இல்லை. டாஸ்மன் கடலுக்குத் தெற்கே, 40 டிகிரி தென் அட்சக்கோட்டுக்குக் கீழே, பூமியைச் சுற்றிலும் காற்றைத் தடுக்க அநேகமாக நிலமே கிடையாது. மாலுமிகள் ‘உறுமும் நாற்பதுகள்’ என்று அழைத்த அந்தப் பகுதியில் ஒரு புயல் ஓய்வதற்குள் இன்னொன்று பிறந்துவிடுகிறது.

புயலுக்குள் இருக்கும் கடல் ஒரே குழப்பம். குட்டையும் நெட்டையுமாக, எல்லாத் திசைகளிலும் அலைகள் முட்டிக்கொள்ளும். ஆனால் அவை புயலைவிட்டு வெளியேறிப் பயணப்படும்போது ஓர் ஒழுங்கு பிறக்கிறது. குட்டை அலைகள் விரைவில் வலுவிழக்கின்றன. நெடிய அலைகள், அதாவது முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் கொண்டவை, தங்களைப் பிறப்பித்த காற்று ஓய்ந்த பின்னும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவற்றை ‘நெட்டலை’ என்று அழைக்கலாம். பீஹாவில் காற்றில்லாத காலையில் உடைவது நெட்டலைதான். அது புறப்பட்டு இரண்டு மூன்று நாட்கள் ஆகியிருக்கும். அதை எழுப்பிய புயல் அதற்குள் அடங்கியும் போயிருக்கலாம்.

கடலில் அலை வந்த வழியில் தடம் எதுவும் இருப்பதில்லை. அப்படியிருக்க, அது எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் புறப்படுகிறார்கள். புறப்படும்போது கூட்டம் ஒன்றாகத்தான் இருக்கிறது. போகப்போக வேகமாக நடப்பவர்கள் முந்துகிறார்கள், மெதுவாக நடப்பவர்கள் பின்தங்குகிறார்கள். பழனி அடிவாரத்தில் நிற்கும் உங்களுக்கு அவர்கள் எங்கே புறப்பட்டார்கள் என்று தெரியாது. ஆனால் வேகக்காரர்கள் எப்போது வந்தார்கள், நிதானக்காரர்கள் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். இடைவெளி அரை மணி நேரமென்றால் பக்கத்து ஊர். ஒன்றரை நாளென்றால் வெகுதூரம். இரு சாராரின் நடைவேகமும் தெரிந்தால், புறப்பட்ட ஊரின் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

கடலலைகளிலும் வேகக்காரர்கள், நிதானக்காரர்கள் உண்டு. ஒரு முகடு கடந்துபோய் அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரத்தை ‘அலைக்காலம்’ என்போம். ஆழ்கடலில் அலைக்காலம் கூடக்கூட வேகமும் கூடும். 15 விநாடி அலைக்காலம் கொண்ட நெட்டலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 10 விநாடிக் கூட்டம் 28 கிலோமீட்டர். 2,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் அடித்தால், முதல் கூட்டம் சுமார் இரண்டு நாட்களில் பீஹாவுக்கு வந்துவிடும். இரண்டாவது வந்துசேர மூன்று நாட்கள் ஆகும். கரையில் கடிகாரத்துடன் உட்கார்ந்து, அலைக்காலம் நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று பார்த்தாலே புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கைச் சோதித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் வால்டர் மங்க். வியன்னாவில் 1917இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கடலியலாளர், 2019இல்தான் காலமானார். இரண்டாம் உலகப் போரில், படைகளைக் கரையிறக்கும் படகுகள் அலையில் கவிழ்வதைக் கண்டு, அலையை முன்கூட்டிக் கணிக்கும் முறையை அவரும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் உருவாக்கினார்கள். போருக்குப் பின் அவரை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. தென்கடல் புயலில் பிறக்கும் நெட்டலை எவ்வளவு தூரம்தான் போகும்? போகிற வழியில் எவ்வளவு தேயும்?

1963இல் அவருடைய குழு பசிபிக் பெருங்கடலின் குறுக்கே, தென்கோடியிலிருந்து வடகோடி வரை, ஏறத்தாழ ஒரே வளைகோட்டில் ஆறு அளவீட்டு நிலையங்களை அமைத்தது. முதல் நிலையம் நியூசிலாந்தின் வடதீவின் தென்முனையான கேப் பாலிசர். அடுத்து அமெரிக்க சமோவாவின் டுடுயிலா தீவு. அங்கே மங்க் தன் குடும்பத்தோடு தங்கினார். பிறகு ஆளில்லாத பால்மைரா பவளத்தீவு, ஹொனலுலு, ஹவாயிக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே நிறுத்தப்பட்ட ஃப்ளிப் என்ற மிதவை ஆய்வுக்கலம், கடைசியாக அலாஸ்காவின் யாகுடாட். கடலடியில் வைத்த அழுத்தமானிகள், தலைக்கு மேலே நெட்டலை கடந்துபோகும்போது ஏற்படும் மிக நுண்ணிய அழுத்த மாற்றத்தைப் பதிவு செய்தன. கண்ணுக்குத் தெரியவே தெரியாத, மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரம் கொண்ட அலைகளைக்கூட அப்பதிவுகளிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது.

விளைவு வியப்பானது. தென்கடல் புயலில் கிளம்பிய அலைகள் கேப் பாலிசரைக் கடந்து, தீவு தீவாகக் கடந்து, பத்து நாள் இரண்டு வாரம் என்று பயணம் செய்து, 10,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அலாஸ்காவின் கரையைத் தொட்டன. வழியில் அவை இழந்த ஆற்றலோ மிகக் குறைவு. புயலின் அருகாமையில்தான் இழப்பெல்லாம். அதைத் தாண்டிவிட்டால் நெட்டலையைத் தேய்க்கப் பெருங்கடலிடம் பெரிதாக எதுவும் இல்லை. சில அலைகளின் பிறப்பிடத்தைக் கணக்கிட்டபோது அது பசிபிக்கிலேயே இல்லை, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருந்தது.

அந்தத் தென்கோடி நமக்கும் தொடர்புள்ளது. அங்கே பிறக்கும் நெட்டலைகள் வடக்கு நோக்கியும் வருகின்றன. கேரளத்திலும் குமரிக்கரையிலும் ‘கள்ளக்கடல்’ என்று அழைக்கப்படுவது இதைத்தான். உள்ளூரில் காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு. திடீரென்று கடல் பொங்கிக் கரையேறிவிடும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்துபோனார்கள். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது. புயல் அடிப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். அலை வந்துசேர நாட்கள் ஆகும். ஆகவே முன்கூட்டியே சொல்ல முடிகிறது. சொன்னது கடற்கரையில் நிற்கும் மனிதரின் காதுக்குப் போய்ச் சேர்வதுதான் இன்னும் சரியாக அமையவில்லை. அதே தென்திசை நெட்டலைகளை நம்பித்தான் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் ஊர்ப்பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

இவ்வளவு தூரம் வருவது எது? தண்ணீர் வருவதில்லை. பீஹாவில் அலை உடையும் இடத்துக்கு வெளியே நீரில் உட்கார்ந்திருக்கும் கடற்காக்கையைக் கவனியுங்கள். நெட்டலை வரும்போது அது மேலேறும், சற்று முன்னே நகரும், இறங்கும், பின்னே வரும். அலை போன பிறகு அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். நீர்த்துளிகள் அங்கங்கே வட்டமடித்துத் தங்கள் ஆற்றலை அடுத்த துளிகளுக்குக் கைமாற்றுகின்றன. பயணம் செய்வது அந்த ஆற்றல் மட்டுமே.

இந்த வட்ட அசைவு நீருக்குள் கீழே போகப்போகச் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். 14 விநாடி நெட்டலையின் நீளம் சுமார் 300 மீட்டர். அப்படியானால் அது சுமார் 150 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை ‘உணர’த் தொடங்கிவிடுகிறது. உணர்ந்ததும் வேகம் குறைகிறது. முன்னால் போகும் முகடு மெதுவாக, பின்னால் வருவது நெருங்க, அலைகளின் இடைவெளி சுருங்குகிறது. ஆற்றல் குறுகிய இடத்துக்குள் திரள்கிறது; அலை உயர்கிறது. நடுக்கடலில் கப்பல்காரர் கவனிக்கவே மாட்டாத மெல்லிய மேடு, கரையோரத்தில் ஆளை மறைக்கும் சுவராக எழுவது இப்படித்தான். வேகத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை இரண்டாம் உலகப் போரில் ஒரு தந்திரத்துக்குப் பயன்படுத்தினார்கள். எதிரியின் கடற்கரைமேல் விமானம் பறந்து அடுத்தடுத்துப் படமெடுக்கும். படத்துக்குப் படம் முகடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்து, அங்கே நீர் எவ்வளவு ஆழம் என்று அறிந்துகொள்வார்கள். யாரும் போய்க் கயிறு விட்டுப் பார்க்க முடியாத கரைகளின் ஆழம் இப்படித் தெரிந்தது.

ஆழம் இன்னும் குறைந்தால், ஒரு கட்டத்தில் அலையால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் போகிறது. முகட்டிலுள்ள நீர் அலையைவிட வேகமாக முன்னே பாய்ந்து கவிழ்கிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் இது நிகழும் என்பது 1894இல் ஜான் மெக்கவன் என்பவர் செய்த கணக்கிலிருந்து வருகிறது. கடலடியின் சரிவைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல அளவு. அலை 1 மீட்டர் உயரமென்றால் 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது பெரியவர் ஒருவரின் மார்பளவு நீரில் உடையும். 2 மீட்டர் அலையோ 2.6 மீட்டர் ஆழத்திலேயே, தலைமுங்கும் நீரிலேயே உடைந்துவிடும்.

‘இடுப்பளவு நீரைத் தாண்டாதே’ என்ற முதல் கட்டளையின் காரணம் இதுதான். இடுப்பளவு நீருக்குப் பெரிய அலை முழுதாக வந்துசேரவே முடியாது. முன்பே உடைந்து, நுரைநீராகத்தான் வரும். நீங்கள் நிற்கும் ஆழமே பெரிய அலைகளை வடிகட்டிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. உடையாத அலையில் நீர் முன்னேறுவதில்லை என்று பார்த்தோம். உடைந்த பிறகு நீர் உண்மையாகவே கரையை நோக்கிப் பாய்கிறது. 1 மீட்டர் ஆழத்தில் அந்த நுரைமுகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில், ஒருவர் மிதமாக ஓடும் வேகத்தில் வரும். பலகையில் படுத்திருப்பவரைப் பின்னாலிருந்து அதுவே தள்ளிக்கொண்டு போகும். கையால் துழாவும் திறமை அதிகம் தேவையில்லை. புதியவர்களுக்கு நுரைநீரைக் கொடுப்பது அதனால்தான்.

உடையாத பச்சை அலையைப் பிடிப்பது வேறு வித்தை. அங்கே தள்ளிவிட எதுவும் இல்லை. துழாவி ஓரளவு வேகம் எடுத்த பின், அலையின் முகம் போதுமான அளவு செங்குத்தாகும் கணத்தில், புவியீர்ப்பு உங்களை அந்தச் சரிவில் இறக்குகிறது. சரிவில் இறங்கிக்கொண்டே இருப்பவர் ஏன் அடிக்குப் போய்ச் சேர்வதில்லை? அலைமுகத்தில் உள்ள நீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. பலகை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நீர் அதைத் தூக்குகிறது. சரிவும் கூடவே நகர்ந்து வருகிறது. அலைச்சறுக்கின் இன்பம் முழுவதும் இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: பல நாள் பயணம் செய்த புயலின் ஆற்றல், தன் கடைசிச் சில விநாடிகளில், ஒரு மனித உடலைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பலகைக்கு வருவோம். பீஹாவில் தேர்ந்த சறுக்கர்கள் சிறிய, கூர்முனைப் பலகைகளோடு போவார்கள். முதல் பாடத்துக்கு வருகிறவரிடம் இரண்டரை மீட்டர் நீளத்தில் தடித்த, மெத்தென்ற நுரைப்பலகையைக் கொடுப்பார்கள். மெத்தென்றிருப்பது தலையில் இடித்தால் காயம் குறைய. தடிமனுக்குக் காரணம் ஆர்க்கிமிடீஸ். 1 லிட்டர் நீரை விலக்கினால் 1 கிலோ எடையைத் தாங்கலாம். தொடக்கப் பலகையின் கொள்ளளவு சுமார் 80 லிட்டர். 65 கிலோ மனிதர் அசையாமல் படுத்தாலும் மிதக்கும். தேர்ந்தவரின் பலகை 30 லிட்டருக்கும் குறைவாக இருக்கலாம். அவர் அதன்மேல் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருக்கும்போது பாருங்கள், வயிறுவரை மூழ்கியிருப்பார். அந்தப் பலகை அவரைத் தாங்குவது ஓடும்போது மட்டும்தான். ஓடும் பலகையின் அடிப்பக்கம் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. வேகம் கூடக்கூட இந்தத் தாங்கல் கூடி, பலகை நீருக்குள் அமிழ்ந்து கிடப்பதைவிட்டு நீர்மேல் வழுக்கத் தொடங்கும். ஓடத் தொடங்கிய பலகை நின்றிருந்த பலகையைவிட உறுதியாக இருக்கும். ஆகவே, பலகை ஓடத் தொடங்கும் முன்பே எழுந்து நிற்க முயல்கிறவர் கவிழ்வார்.

‘இன்னும் பின்னால் படு’ என்பதும் இதனோடு சேர்ந்ததே. எடை முன்னால் போனால் பலகையின் மூக்கு நீருக்குள் குத்திக்கொள்ளும். ஓடி வந்த வேகம் முழுவதும் உங்களைத் தலைகுப்புற வீசும். மிகப் பின்னால் போனால் மூக்கு வானம் பார்க்கும், வால் நீரில் அமிழ்ந்து இழுக்கும், அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். சரியான இடத்தில் படுத்தால் மூக்கு நீருக்குச் சற்று மேலே நிற்கும். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். கரையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, நீரில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுந்து நிற்பதில் பெரும்பாலானோர் செய்வது, தன் கால்கள் சரியான இடத்தில் விழுந்தனவா என்று குனிந்து பார்ப்பது. மனிதத் தலை சுமார் 5 கிலோ. அதைத் தாழ்த்தினால் உடலின் எடைமையம் முன்னே போகிறது. இது பாதிக் காரணம். மீதிப் பாதி மூளையில் இருக்கிறது. நாம் நிமிர்ந்திருக்கிறோமா, சாய்கிறோமா என்பதை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய உறுப்புகளும், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வுநரம்புகள், கண்கள். காலடியில் ஓடும் நுரையைப் பார்க்கும்போது கண் தரும் செய்தி குழப்பமானது; கண்ணுக்கு அங்கே எதுவும் நிலையாக இல்லை. கரையிலுள்ள மரத்தையோ மலையையோ பார்த்தால் அசையாத ஒரு புள்ளி கிடைக்கிறது. மற்ற இரண்டு புலன்களின் செய்தியோடு அது பொருந்துகிறது. முழங்காலை மடக்கச் சொல்வது எடைமையத்தைத் தாழ்த்தவும், பலகையின் அதிர்வு மேலுடலுக்கு ஏறாமல் மூட்டுகளிலேயே அடங்கவும்.

குளிர் அங்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீஹாவின் நீர் கோடையிலேயே 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். வங்கக்கடலில் பழகிய உடம்புக்கு அது கடுமை; நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தைக் கடத்திச் செல்லும். 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் நியோப்ரீன் அங்கியை உருவாக்கினார். அங்கிக்குள் புகும் நீர்ப்படலம்தான் சூடு தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது அந்த ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் எண்ணற்ற வாயுக்குமிழ்கள். உள்ளே நீர் வந்து போய்க்கொண்டிருந்தால் சூடு போய்விடும் என்பதால், அங்கி உடலோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும்.

‘இந்த அலை வேண்டாம், அடுத்தது’ என்பது தொடக்கத்தில் வெறும் ஊகமாகத் தோன்றலாம். அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நாலைந்து பெரியவை, பிறகு சில நிமிட அமைதி, மீண்டும் பெரியவை. சற்றே வேறுபட்ட அலைக்காலம் கொண்ட இரண்டு நெட்டலை வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, முகடோடு முகடு சேரும் இடத்தில் அலை பெருகும். முகடோடு பள்ளம் சேரும் இடத்தில் அடங்கும். ஏழாவது அலைதான் பெரிது என்று உலகின் பல கரைகளில் சொல்வார்கள். ஏழு என்ற எண்ணுக்கு ஆதாரம் இல்லை. கூட்டம் என்பதற்கு உண்டு. தெப்பக்குளத்தில் கல்லெறிந்து, விரியும் வளையங்களில் ஒரே ஒரு முகட்டின்மேல் கண்வைத்துப் பாருங்கள். கூட்டத்தின் பின்பக்கத்தில் முகடு பிறக்கும், கூட்டத்தினூடே முன்னேறும், முன்பக்கத்தில் மறைந்துவிடும். ஆழ்கடலில் ஒவ்வொரு முகடும் தன் கூட்டத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது.

கூட்டம் கடக்கக் காத்திருப்பது நம் கரைக்கும் புதிதல்ல. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரைசேர்க்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள் அவை. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அந்தப் படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களும் பெரிய கூட்டம் கடந்துபோகக் காத்திருந்து, இடைவெளியில் துடுப்பை அழுத்தியவர்கள். பீஹாவின் பயிற்சியாளர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பதும் அதற்காகத்தான்.

கடைசிக் கட்டளைதான் உயிர்க்கட்டளை. கரையில் நின்று பார்க்கும்போது, வெள்ளை நுரைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் கருமையாக, அலை உடையாமல், அமைதியாகத் தெரியும். கடல் பழக்கமில்லாத கண்ணுக்கு அதுதான் பிள்ளைகளை இறக்க ஏற்ற இடமாகப்படும். இப்போது உடையும் விதியை நினைத்துப் பாருங்கள். அலை ஏன் அங்கே உடையவில்லை? அங்கே ஆழம் அதிகம். ஏன் ஆழம்? மணல்திட்டுகளின்மேல் உடையும் அலைகள் கரைப்பக்கம் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். தாழ்ந்த வழியைத் தேடி, திட்டுகளின் நடுவே வாய்க்காலாக அறுத்துக்கொண்டு, அது கடலுக்குத் திரும்புகிறது. இதை ‘இழுப்போட்டம்’ எனலாம். பீஹாவின் மணல், டரனாகி எரிமலைப் பகுதியிலிருந்து கரையோர ஓட்டத்தில் அடித்துவரப்பட்ட இரும்புக் கருமணல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அந்த மணலைத்தான் ஒவ்வொரு புயலலையும் எடுத்துப் புதிதாக அடுக்குகிறது.

இழுப்போட்டத்தை ஆராய்கிறவர்கள் நீரில் வண்ணச்சாயத்தைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி பொருத்திய மிதவைகளை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டத்தின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. சில நேரம் 2 மீட்டரையும் தொடும். ஒலிம்பிக் நீச்சல் வீரரே 50 மீட்டரை விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில்தான் கடக்கிறார். இழுப்போட்டத்துக்கு எதிராகக் கரையை நோக்கி நீந்துகிறவர் களைத்துப்போய் மூழ்குகிறார். ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது. மிதவைகள் காட்டிய இன்னொரு செய்தி: பல இடங்களில் இந்த ஓட்டம் வட்டமடித்து மீண்டும் ஆழமற்ற திட்டின் பக்கமே வந்துவிடுகிறது. நியூசிலாந்தின் கடலோர உயிர்காப்பு அமைப்பு சொல்லித்தருவது மூன்றே செயல்கள். பதறாமல் மல்லாந்து மித. கையை உயர்த்தி உதவி கேள். ஓட்டம் விடும்வரை அதன் போக்கிலேயே போ. பலகையோடு இருப்பவர் பலகையை ஒருபோதும் கைவிடக்கூடாது. அந்த 80 லிட்டர்தான் அவருடைய தோணி.

தேர்ந்த சறுக்கர்கள் இதே ஓட்டத்தில் ஏறித்தான் களைப்பின்றி வெளிக்கடலுக்குப் போகிறார்கள். 1958இல் பிங் கோப்லாண்ட், ரிக் ஸ்டோனர் என்ற இரண்டு கலிஃபோர்னிய உயிர்காப்பாளர்கள் புதுவகைப் பலகைகளோடு பீஹாவுக்கு வந்து, நியூசிலாந்தில் இன்றைய அலைச்சறுக்கைத் தொடங்கிவைத்தார்கள். அவர்களுக்கு நூற்றாண்டுகள் முன்பே மாவோரிகள் மரப்பலகைகளில் அலையேறி விளையாடியிருக்கிறார்கள். வாய்க்காலைக் கண்டுபிடிக்கும் கண் இவர்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது. ஆனால் நேற்றைய வாய்க்கால் இன்று அங்கேயே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பெரிய நெட்டலை வந்துபோனால் திட்டுகள் இடம்மாறும், வாய்க்கால் நகரும். 1934இல் தொடங்கிய பீஹா உயிர்காப்புச் சங்கத்தினர் காவல் நாட்களில் காலையில் முதலில் கரையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சிவப்பு மஞ்சள் கொடிகளை எங்கே நடுவது என்று முடிவு செய்கிறார்கள்.